வரம் கேட்கத் தெரிந்த குருவி

ஆவணி மூலத் திருவிழாவில் எந்த நாளுக்குக் கூட்டம் அதிகம் என்று மதுரைக்காரர் யாரைக் கேட்டாலும் பிட்டுத் திருவிழா என்றுதான் சொல்வார். அன்றைக்குப் புட்டுத்தோப்பில் கால் வைக்க இடம் இருக்காது. வளையல் விற்றதற்கும் நரியைப் பரியாக்கியதற்கும்கூடக் கூட்டம் உண்டு. முதல் இரண்டு நாள் லீலைகளைத்தான் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் நாள் கரிக்குருவிக்கு உபதேசம் செய்தது, மறுநாள் நாரைக்கு முத்தி கொடுத்தது. ஏதோ பறவைக் கதை, குழந்தைகளுக்குச் சொல்வது என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

என் அபிப்பிராயம் வேறு. ஒருவன் செய்த காரியத்துக்கு வெகுமதியாக ஒரு சக்தியைக் கொடுக்கிறோம், எது வேண்டுமென்று அவனே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறோம். அப்போது எப்படிக் கேட்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு பறவைகளைவிட நல்ல உதாரணம் நம் புராணங்களில் இல்லை. அசுரர்கள் வாங்கிய வரங்களை எல்லாம் ஒரு முறை அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்த யோசனை வந்ததற்குக் காரணம் பக்தி அல்ல, என் பேரனின் விளையாட்டு.

அதன் பெயர் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளியிட்டது. விளையாட்டு என்றால் கையில் மட்டையோ செல்போனோ இருக்கும் என்று நினைக்காதீர்கள். கதாகாலட்சேபத்தையும் தாயத்தையும் சேர்த்துக் கட்டிய மாதிரி ஒன்று. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வில்லாளி, திருடன், மந்திரவாதி, வைத்தியன் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள், அதில் பலம், புத்தி, வேகம் எல்லாவற்றுக்கும் மார்க். “குகைக்குள் ஒரு பூதம் நிற்கிறது, என்ன செய்கிறாய்?” என்று கதை சொல்பவன் கேட்பான். இவன் தன் உபாயத்தைச் சொல்வான். அது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். ஜெயித்தவர், தோற்றவர் என்று கடைசியில் யாரும் கிடையாது. கதை வாரக்கணக்கில், வருஷக்கணக்கில் நீளும். பாத்திரங்கள் காரியம் சாதிக்கச் சாதிக்க லெவல் ஏறும், புதுப் புதுச் சக்திகள் கிடைக்கும்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இது இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் நடக்கிறது. பேரன்தான் கதை சொல்பவன். கூட நான்கு பையன்கள். ஐந்து பேரும் கல்லூரியில் கடைசி வருஷம். வருகிற ஜூன் மாதத்துக்குப் பிறகு ஒருவன் பெங்களூர், ஒருவன் சென்னை என்று போய்விடுவார்கள். அதற்குள் கதையை நல்லபடியாக முடிக்க வேண்டும் என்று பேரனுக்குக் கவலை. சுண்டல் கிண்ணத்தோடு மாடிக்குப் போகிற சாக்கில் நானும் பாதிக் கதை கேட்டுவிட்டேன். பிள்ளைகளின் சத்தம் இல்லாத சனிக்கிழமையை இப்போதே நினைத்துப் பார்க்க எனக்கும் பிடிக்கவில்லை.

அண்மையில் அந்த நான்கு பாத்திரங்களும் வறண்டு போன ஒரு நதியைப் பெரிய பாடுபட்டு மீட்டார்கள். அதற்கு வெகுமதியாக ஆளுக்கு ஒரு சிறப்புச் சக்தி, எது வேண்டுமானாலும் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று பேரன் சொல்லிவிட்டான். நான்கு சீட்டும் வந்தன. வில்லாளி, தான் சாகவே கூடாது என்று கேட்டிருந்தான். திருடன், தான் எப்போது பகடையை உருட்டினாலும் 20 விழ வேண்டும் என்றான். மந்திரவாதி, நினைத்தது நடக்க வேண்டும் என்றான். வைத்தியனாக ஆடுகிற பையன் அதிகம் பேசாதவன். அவன் சீட்டில், “பிறகு கேட்கிறேன்” என்று மட்டும் இருந்தது.

பேரன் சீட்டுகளை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். அவனுக்குத் தெரிந்த வேறொரு குழு இப்படிப்பட்ட வெகுமதியால்தான் கலைந்ததாம். ஒருவன் பாத்திரம் எல்லாவற்றையும் தானே செய்ய ஆரம்பித்ததும் மற்றவர்கள் கொட்டாவி விட்டு, பிறகு வராமலே நின்றுவிட்டார்களாம். “குடுக்கலைன்னாலும் கோவிச்சுக்குவாங்ய தாத்தா, குடுத்தாலும் கதை போச்சு” என்றான்.

திருடன் கேட்டதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சகுனியின் பகடையோடு யாரும் இரண்டாவது தடவை ஆட உட்காருவதில்லை. போடும்போதெல்லாம் தாயம் விழுந்தால் நம் வீட்டுப் பெண்களே சோழியை மடியில் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

சாகாவரம் கேட்ட வில்லாளி வழி பழைய வழி. பகலிலும் சாகக் கூடாது, இரவிலும் சாகக் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்று இரணியன் ஒரு வக்கீலைப் போல ஷரத்து எழுதி வாங்கினான். அந்திப்பொழுதையும் வாசற்படியையும் விட்டுவிட்டான். இந்த விளையாட்டின் புத்தகத்தை, கதை நடத்துபவருக்கான 2014-ஆம் வருஷப் பதிப்பை, பேரனிடம் வாங்கிப் புரட்டினேன். அதிலும் சாகாவரம் இருக்கிறது. ஆனால் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். மூப்பு வராது, முதுமையால் மரணம் வராது, அவ்வளவுதான். வாள் வெட்டினால் சாக வேண்டியதுதான். எழுபதைத் தாண்டிய எனக்கு அந்த வரம்கூடப் போதும். இருபது வயதுப் பையனுக்கு அதனால் என்ன லாபம்?

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது, வெகுமதிகளை அது பிரித்து வைத்திருக்கிற முறை. பொன், மணி, மந்திர ஆயுதங்கள் ஒரு பக்கம். அவை போக, ஒரு தெய்வமோ தெய்வத்துக்குச் சமமான ஒருவரோ பெரிய காரியத்தைப் பாராட்டிக் கொடுக்கும் ஆசி ஒரு வகை. பயன்படுத்தியதும் மறைந்துவிடும் சின்ன அருள் ஒரு வகை. இருபதாவது லெவலை, அதாவது உச்சியை, எட்டியவனுக்கு மட்டும் கொடுக்கும் மகா வரம் ஒரு வகை. நிலம், பட்டம், வேண்டும்போது கிடைக்கும் ஒரு பெரிய மனிதரின் உதவி, இவையும் வெகுமதியில் சேர்த்தி. கொடுக்கிறவன் கையில் இத்தனை வகை இருக்கும்போது, எது வேண்டுமானாலும் கேள் என்று ஏன் வாயை விட வேண்டும்?

மந்திரவாதியின் சீட்டைத்தான் நான் அதிக நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைத்தது நடக்க வேண்டும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். திருவிளையாடலுக்கு முன்பே எனக்குப் பாடமாக வந்தவர் பெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர். மூன்று வரம் பெற்ற ஒரு விறகுவெட்டியின் கதையை அவர் எழுதியிருக்கிறார். பெயர் பிளேஸ். பிழைப்பை நொந்து புலம்பினவனுக்கு முன் தெய்வமே இறங்கி வந்து மூன்று வரம் தருகிறது. வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் காலை நீட்டி உட்கார்ந்தவன், இந்த நெருப்புக்கு ஒரு கஜம் நீளத்தில் பூதேன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சொல்லிவிடுகிறான். பூதேன் என்பது பன்றி ரத்தத்தைக் குடலில் அடைத்துச் செய்யும் தின்பண்டம். உடனே வந்து விழுகிறது. ராஜ்யத்தைக் கேட்காமல் இதையா கேட்டாய் என்று மனைவி திட்டுகிறாள். இது உன் மூக்கில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று இவன் கத்துகிறான். ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது வரம் அதை எடுப்பதற்குச் செலவாகிறது. எங்கள் வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். பன்றி மாமிசம் சாப்பிடாத பையன்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அந்த மனிதனுக்கு என்னதான் தேவையாக இருந்தது என்று வாத்தியார் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அவனுக்கே தெரியாதே.

இந்த விளையாட்டிலும் நினைத்ததை நடத்தும் மந்திரம் ஒன்று உண்டு. மந்திரங்களிலேயே அதுதான் பெரியது. சாதாரணமாக அதைக் கொண்டு வேறு ஏதாவது ஒரு சின்ன மந்திரத்தைச் செய்துகொள்ளலாம், ஆபத்தில்லை. அதற்கு மேல் ஆசைப்பட்டு எதையாவது கேட்டால் உடம்பு தளரும். அதோடு, அந்த மந்திரம் இனி வாழ்நாளில் பலிக்காமல் போவதற்கு நூற்றுக்கு 33 பங்கு வாய்ப்பு என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டதற்குக் கதை சொல்பவன் தன் இஷ்டப்படி அர்த்தம் கொள்ளலாம் என்றும் இருக்கிறது. பெரோவைப் படித்தவர்கள்தான் எழுதியிருக்க வேண்டும்.

இதில் எனக்கு இருக்கும் ஆட்சேபம் ஆசை பெரிது என்பதல்ல. அந்தச் சக்தி ஒருவன் கையில் இருந்தால் மற்ற மூவருக்கு வேலை இல்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு நிவாரணப் பணி சமயம். நன்றாக உழைத்தார் என்பதற்காக ஓர் அதிகாரிக்கு, கீழே உள்ள எல்லாருடைய கையெழுத்து அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது உண்மையிலேயே அவருக்குப் பாராட்டாகத்தான் கொடுக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் எல்லா ஃபைலும் அவர் மேஜையில் மலையாகக் குவிந்தது. மற்ற பிரிவுகளில் இருந்தவர்கள் சும்மா உட்கார்ந்து கேன்டீன் டீயை ருசி பார்த்தோம். மனுக் கொடுத்தவர்கள் வராந்தாவில் நின்றார்கள். அந்த மனிதர் கெட்டவர் அல்ல, ராத்திரி ஒன்பது மணி வரை கையெழுத்துப் போட்டார். மனிதர் ஒருவர், பேனா ஒன்று, என்ன செய்வார்? இத்தனை ரூபாய் வரை இந்தப் பதவிக்காரர் அனுமதிக்கலாம், அதற்கு மேல் மேலிடம், பிறகு தணிக்கை என்று சர்க்கார் எழுதி வைத்திருக்கும் வரம்புகளை நாங்களே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறோம். வரம்பை எடுத்தபோதுதான் அது எதற்கு என்று தெரிந்தது.

இப்போது வைத்தியனின் சீட்டு. பையன் அடக்கமாக எழுதியதாகப் பேரன் நினைத்தான். எனக்கு அதுதான் நான்கிலும் பயங்கரமானதாகப் பட்டது. தசரதன் சம்பராசுரனோடு போர் செய்தபோது கைகேயி அவன் உயிரைக் காப்பாற்றினாள். இரண்டு வரம் தருகிறேன் என்றான். பிறகு கேட்டுக்கொள்கிறேன் என்றாள் அவள். நியாயமாகச் சம்பாதித்த வெகுமதி, கேட்டவளும் அன்றைக்கு நல்லவள். ஆனால் அந்த வரத்துக்குத் தேதி இல்லை, தொகை இல்லை. வருஷக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்து, அயோத்தியே கொண்டாட்டத்தில் இருந்த நாளில் வெளியே வந்தது. எங்கள் அலுவலகக் கணக்குப்படி மார்ச் 31-க்குள் செலவழிக்காத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். தசரதனுக்கு ஒரு நல்ல கணக்கர் இருந்திருந்தால் ராமாயணத்தில் பாதி இல்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இது வெறும் விளையாட்டுப் பேச்சும் அல்ல. வீட்டைப் பிள்ளைக்குத் தான செட்டில்மெண்ட் எழுதும்போது, அவன் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள் என்றால், பெற்ற பிள்ளையிடமே நிபந்தனையா என்று பலர் கோபித்துக்கொள்கிறார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-ஆவது பிரிவு, அந்த நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளத் தவறினால், பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி கேட்க வழி செய்கிறது. அந்த ஒரு வரி எழுதுவதில் பாசக் குறைவு ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. சரி, குருவிக்கு வருவோம்.

முற்பிறவியில் நல்லது செய்தும் கொஞ்சம் பாவம் ஒட்டிக்கொண்டதால் கரிக்குருவியாகப் பிறந்த ஓர் உயிர். காக்கை முதலான பறவைகள் தலையில் கொத்திக் கொத்திப் புண்ணாக்கின. ஊரை விட்டுக் காட்டுக்குப் பறந்து ஒரு மரத்தில் ஒதுங்கியது. மரத்தடியில் சிவனடியார் ஒருவர் மதுரையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு இங்கே வந்து, பொற்றாமரையில் மூழ்கி, மூன்று நாள் சொக்கநாதரை வழிபட்டது. அவர் அதற்கு மிருத்தியுஞ்சய மந்திரத்தை உபதேசித்தார். அப்புறம்தான் குருவி தன் குறையைச் சொல்கிறது. நான் எளியவன், எல்லாப் பறவைகளும் என்னை வருத்துகின்றன என்று. நீ அவற்றைவிட வலியவனாகு என்றார் சுவாமி. குருவி அதோடு திரும்பிப் போகவில்லை. இந்த வலிமை எனக்கு மட்டும் போதாது, என் மரபில் பிறப்பவர்களுக்கு எல்லாம் வேண்டும் என்று கேட்டது. அதுவும் கிடைத்தது. வலியான் என்று பெயரும் வந்தது.

பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் இது 47-ஆவது படலம். மின்கம்பியில் வேண்டுமானால் இன்றைக்கே பார்க்கலாம். சோழவந்தான் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வயலைப் பாருங்கள். உடம்பெல்லாம் கறுப்பு, வால் இரண்டாகப் பிரிந்திருக்கும். கரிச்சான் என்போம், இரட்டைவால் குருவி என்போம். மாட்டின் முதுகில் சவாரி செய்து, அது நடக்கும்போது எழும் பூச்சிகளைப் பிடிக்கும். கூட்டின் பக்கம் காக்கை வந்தால் விரட்டி விரட்டி முதுகில் கொத்தும். பருந்தைக்கூட விடாது. இதனாலேயே மற்றச் சிறு பறவைகள் கரிச்சான் கூடு கட்டிய மரத்தில் தாங்களும் கூடு கட்டும், இலவசப் பாதுகாப்பு. ஆங்கிலேயர்கள் இதற்குக் காக்கை ராஜா என்று பெயர் வைத்தார்கள்.

குருவி கேட்ட விதத்தைப் பாருங்கள். எங்கே வலித்ததோ அதைச் சொன்னது. கருடன் ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. வரம் வாங்கிய பிறகும் அது குருவிதான், தின்பது பூச்சிதான், எடை கூடவில்லை. போய்க் காக்கைக் குலத்தை அழிக்கவும் இல்லை. தன் கூட்டுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் காட்டும். வாங்கிய சக்தியால் பக்கத்து மரக்கிளையில் இருப்பவனும் பிழைக்கிறான். மேடையில் ஒருவனுக்குச் சக்தி வந்ததும் மற்றவன் பார்வையாளன் ஆகிற கதைக்கு நேர் எதிர்.

நாரை இன்னும் ஒரு படி மேல். பஞ்சத்தில் குளம் வற்றி, இரை தேடிக் காட்டுக்குப் போன நாரை அது. அங்கே முனிவர்கள் நீராடும் தடாகத்தில் மீன்கள் அவர்கள் மேனியைத் தொட்டு விளையாடின. அந்த மீன்களைத் தின்னக் கூடாது என்று நாரைக்கு மனசில் பட்டுவிட்டது. முனிவர்கள் மதுரையைப் பற்றிப் பேசியதைக் கேட்டு இங்கே வந்தது. பதினைந்து நாள் வழிபாடு. பதினாறாம் நாள் பசி தாங்கவில்லை. பொற்றாமரையில் மீன் துள்ளுகிறது, மூக்கு நீளமாகத்தான் இருக்கிறது, எட்டினால் சாப்பாடு. அடக்கிக்கொண்டது. அப்போது சுவாமி வந்து என்ன வேண்டும் என்கிறார். சிவலோகம் வேண்டும் என்றது, அது எல்லோரும் கேட்பது. அடுத்ததுதான் விசேஷம். என் இனத்துப் பறவைகள் இங்கே வந்து மீனைத் தின்று பாவம் தேடிக்கொள்ளக் கூடாது, ஆகையால் இந்தக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்றது. பொற்றாமரையில் மீன் இல்லை என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்ததன் கதை இதுதான்.

பசியோடு இருக்கிற ஒருவன், தனக்கு வலிமையைக் கேட்காமல், தன்னைச் சறுக்க வைக்கிற ஒன்று இல்லாமல் போகட்டும் என்று கேட்கிறான். எத்தனை பேர் வெகுமதியாக இதைக் கேட்பார்கள்? நான்கு சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த மாதிரி எதுவும் இல்லை. என் சீட்டிலும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சக்தியைச் சக்திக்காகவே கேட்டவர்களும் திருவிளையாடலில் உண்டு. கயிலையில் இயக்கியர் அறுவர் தங்களுக்கு அட்டமாசித்தி வேண்டும் என்றார்கள். உமையை வணங்கினால் வரும் என்று சுவாமி சொன்னார். சொன்னதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாபம் வாங்கி, பட்டமங்கையில் ஆலமரத்தடியில் ஆயிரம் வருஷம் கல்லாகக் கிடந்தார்கள். பிறகு சுவாமியே மதுரையிலிருந்து குருவாகப் போய் உபதேசித்தார் என்பது வேறு விஷயம். அந்த ஊர் இன்றைய பட்டமங்கலம், திருப்பத்தூர் வழியாகப் போக வேண்டும். சிவகங்கைச் சீமையில் பலருக்குக் குருவுக்கு விளக்குப் போடத் தெரியும், கல்லாகக் கிடந்தவர்கள் கதை தெரியாது.

பேரன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஓர் ஆட்சேபம் சொன்னான். அது நல்ல ஆட்சேபம்தான். “நீங்க சொல்றபடி நான் பாத்து அளந்து குடுத்தா அது வெகுமதி இல்ல தாத்தா, பிச்சை. ரெண்டு வருஷம் ஆடியிருக்காங்ய. அவங்ய பாத்திரம், அவங்ய எடுத்துக்கணும்.”

வாஸ்தவம். கொடுப்பவனே தேர்ந்தெடுத்தால் அது கொடுப்பவன் கதையாகவே இருந்துவிடும். பெற்றோர் பிள்ளைக்குக் கோர்ஸ் தேர்ந்தெடுத்த கதையெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் குருவியும் நாரையும் தாங்களாகத்தான் கேட்டன. சுவாமி சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. குருவியைச் சும்மா ‘என்ன வேண்டும்’ என்று கேட்டுவிட்டு அவர் ஒதுங்கி நிற்கவும் இல்லை. அதன் கதையை அம்பாளுக்குச் சொன்னார், உபதேசம் செய்தார், குறையைச் சொல்ல விட்டார். எங்கே வலித்தது என்று தெரிந்த பிறகுதான் வரம் வந்தது. பிரெஞ்சில் ஒருவர் தரும் கொடைக்கும், ஒருவனிடம் இயல்பாக உள்ள திறமைக்கும் ஒரே சொல்தான். எனக்குச் சின்ன வயதில் அது சொல் பஞ்சமாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஆகவே பேரனுக்கு நான் சொன்னது இது. எது வேண்டும் என்று கேட்காதே. இந்த இரண்டு வருஷக் கதையில் உன் பாத்திரம் எந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது என்று ஒவ்வொருவனையும் சொல்லச் சொல். அதற்கு ஒத்து வருகிற சக்தி இரண்டு மூன்றை நீ முன்னால் வை. அதில் ஒன்றை அவன் எடுத்துக்கொள்ளட்டும். எத்தனை தடவை பயன்படும் என்று எண் போடு. கர்ணனுக்கு இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்துக்கு ஒரே ஒரு தடவைதான் பலன். அர்ஜுனனுக்கென்று பொத்தி வைத்திருந்ததைக் கடோத்கசன் மேல் எறிய வேண்டி வந்ததே, அந்த ஓர் இரவுக்காக எத்தனை தலைமுறை கண் விழித்துக் கூத்துப் பார்த்திருக்கிறது. இரண்டு தடவை எறியலாம் என்றால் அந்த இரவே கிடையாது.

அடுத்த சனிக்கிழமை அவன் அப்படியே கேட்டிருக்கிறான். சாகாவரம் கேட்ட வில்லாளிக்கு உண்மையில் சாவைப் பற்றிய பயம் இல்லையாம். போன வருஷம் ஒரு பாலத்தில் தன் தம்பியாக வந்த பாத்திரத்தைக் காப்பாற்ற முடியாமல் போனதுதான் குறையாம். பக்கத்தில் விழப் போகிறவனை, நாளுக்கு ஒரு தடவை, எட்டிப் பிடிக்கும் கையை எடுத்துக்கொண்டான். திருடனுக்குப் பகடையில் 1 விழுந்தால் மட்டும் மறுபடி ஒரு தடவை உருட்டலாம். மந்திரவாதிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஆடினான். அவனுக்குப் பேரன் கடைசியில் நினைத்ததை நடத்தும் சக்தியையே கொடுத்தான். ஆனால் ஒரே ஒரு தடவை, அதையும் மற்ற மூவரும் ஒப்புக்கொண்டால்தான். கணக்குத் தணிக்கை மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

வைத்தியன் கதையில் அவன் பசித்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே வந்திருக்கிறான், நான்தான் கவனிக்கவில்லை. உலவாக்கோட்டை நல்லானைப் பேரனுக்குச் சொன்னேன். அடியவர்களுக்கு அன்னமிட்டு, விளைச்சல் பொய்த்து, கடன் வாங்கியும் அன்னமிட்டு, இனி வழியில்லை என்று நல்லானும் மனைவி தருமசீலையும் உயிரை விடத் துணிந்தபோது, எடுக்க எடுக்கக் குறையாத அரிசிக் கோட்டை அவர்கள் வீட்டுக்கு வந்தது. புதிதாக எந்த வித்தையும் வரவில்லை, செய்துகொண்டிருந்ததைத் தொடர வழி வந்தது. பையனுக்கு அந்த மாதிரி ஒரு பானையைக் காட்டு என்றேன்.

காட்டினானாம். நல்லா இருக்கு, ஆனால் பிறகு கேட்கிறேன் என்றே அவன் மறுபடியும் சொல்லிவிட்டான். தேதி போடு, மார்ச் 31 என்றேன் நான். பேரன் தசரதன் ஜாதி. கதை முடியும் வரை கேட்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.